நல்லா நடப்பவர்கள்

அண்ணா,

நம் முன்னோர் திரிப்போலி வணிகர்கள் என்று உன் மாமனார் வீட்டில் பொய் சொல்லியிருக்கிறாய்.

நான் லிபியப் பாலைவனத்துக் கதாமிஸ் ஊர் வரை போய்த் தேடிவிட்டு நேற்றுதான் நம் ஜெர்பா தீவுக்குத் திரும்பினேன். நம் பெயரில் "இன்னாரால் விடுவிக்கப்பட்டவர்" என்று ஒட்டியிருக்கிறதே, அந்த எசமானுக்கு அனுப்பிய சரக்குப் பட்டியலை அங்கே ஒரு வணிகர் வீட்டில் வைத்திருக்கிறார்கள். அதில் ஒட்டகங்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. அடிமையாகப் பாலைவனத்தில் நடத்திக் கொண்டுவரப்பட்ட நம் முதல் தாய்க்கு "நெட்டையான பெண்" என்பதோடு சரி.

"உங்க ஆளுங்க நல்லா நடப்பாங்களாம், தங்கச்சி" என்று தேநீர் ஊற்றிக்கொண்டே வீட்டுக்காரர் பாராட்டினார். குடித்துவிட்டு வந்தேன். சண்டை போடத் தெம்பில்லை.

அப்பா இனி எழுந்திருக்க மாட்டார். உன் மாமனார் வருவார் என்பதற்காகப் பெரிய மையவாடியில் அவரை அடக்க இடம் பேசியிருக்கிறாயாம். அம்மா கிடப்பது நம்மவர்களுக்கென்று ஊர் ஒதுக்கிய மையவாடியில். "உங்கம்மா பக்கத்துல போடுடி. செத்த பொறவும் எசமானுங்களுக்குப் பாய் விரிக்கணுமா?" என்கிறார் அப்பா.

மூத்த மகன் சொல்லாமல் இங்கே யாரும் குழி வெட்ட மாட்டார்கள். இதைக் கேட்டு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. அம்மா பக்கத்தில் வெட்டச் சொல்.

உன் தங்கை