அடைக்கலம் வந்த விதவையாம் என் அம்மா

மார்ச் 15, ஞாயிறு

கேன்டீன் வேலை அசதியில் இன்று சபை ஆராதனையில் குறட்டை விட்டுவிட்டேன். விழித்தபோது ஆண்டுவிழா புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள். சபையைத் தொடங்கிய என் அப்பாவுக்கு ஒரே மனைவியாம். என் அம்மா அவர் அடைக்கலம் கொடுத்த விதவையாம்.

"அப்போ நான் இன்னாண்ணே, அடைக்கலத்துல பொறந்தவளா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் மூத்த மனைவியான பெரியம்மாவின் மகன், என் அண்ணன், சிரிக்கவில்லை.

"எல்லாம் தெரியும் கண்ணு. புக்குல போட்டா சபைக்கில்ல அசிங்கம்!" என்றார்.

நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன். இரண்டாவது கல்யாணம் செய்யச் சொல்லிக் கர்த்தர் கனவில் வந்தார் என்று அப்பா சொன்னது கதையாக இருக்கலாம். தாலி கதையில்லை. பெரியம்மாதான் அதை எடுத்துக் கொடுத்தாள்.

புத்தகத்தில் 'விதவை'யை அடித்து 'மனைவி' என்று எழுதினேன். பேனா மை கக்கிவிட்டது. பக்கத்திலிருந்த படத்தில் அப்பாவுக்கு முகம் முழுக்க நீலம்.