போர்தோவுக்கு எந்தக் கறி

மார்ச் 7, 2006. செவ்வாய்

தூறல். குளிர். கையுறை ஒன்றைக் காணவில்லை.

தங்கை மகன் குமாரின் கடை, லண்டனில் மிச்சம் என்ற பகுதி. வைன் போத்தல் அடுக்கும் தட்டைத் துடைத்தேன். பதினொரு வருடமாக இது என் பொறுப்பு. வடிவத்தையும் படத்தையும் பார்த்துத்தான் அடுக்கினேன். இன்று முதல் தடவையாக வாசித்து அடுக்கினேன்! தமிழ் எழுத்துப் படித்தது போன வருடம், எழுபத்திரண்டு வயதில். ஆங்கில எழுத்து இந்தக் குளிர்காலம்.

பிரான்ஸ் சிவப்பு வைன். முன்னால் எட்டு எழுத்து, பாதி வாயில் வருவதில்லை. குமாரைக் கேட்டேன்.

"போர்தோ. ஊரின்ர பேர், மாமா."

"பழத்தின்ர பேர்?"

"அது போடமாட்டாங்கள்."

குழப்பம். திராட்சையில் செய்து, திராட்சையின் பெயரைப் போடாமல் விடுவதா? பிறகு யோசித்தேன். நாங்களும் புது ஆளைக் கண்டால் முதலில் எந்த ஊர் என்றுதானே கேட்கிறோம். சரி.

ஊர் ஒன்று, ஆனால் ஆற்றின் இடக்கரை, வலக்கரை என்று இரண்டு வகையாம். இடக்கரையது துவர்ப்புக் கூடினதாம். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் எது இடது? குமாருக்கும் தெரியாது.

இடக்கரைப் போத்தலின் பின் லேபிள்: ஆட்டிறைச்சிக்கு நல்லது. நானே வாசித்தேன். பக்கத்து நோர்பரியில் இருக்கும் சிவம் வந்தார், வீட்டில் விருந்தாம், ஆட்டிறைச்சிக் கறியாம். எடுத்துக் கொடுத்தேன். பெருமை.

மார்ச் 8, புதன்

சிவம் திரும்பி வந்தார், பாதிப் போத்தலுடன். கடை நிறைய ஆட்கள்.

"அண்ணை, கறியோட குடிச்சால் வாய் பத்தி எரியுது. பிறகு கசப்பு. மச்சான் விழுந்து விழுந்து சிரிக்கிறான்."

"லேபிளில அப்பிடித்தான் போட்டிருக்கு."

"அப்ப லேபிளைக் கறியோட சாப்பிட்டுப் பாருங்கோவன்!"

எல்லோரும் சிரிப்பு. நானும். குமார் சிரிக்கவில்லை. சிவத்துக்கு வேறு போத்தல் கொடுத்து அனுப்பினான்.

"மாமா, இனி வைன் தட்டை நான் பாக்கிறன். நீங்கள் பிஸ்கற் பக்கம் நில்லுங்கோ."

பிஸ்கற். அதைப் படம் பார்த்தே அடுக்கலாம்.

பிழையாக வாசித்தேனா? மூன்று தரம் பார்த்தேன். சரிதான். பிறகு ஏன் எரிந்தது?

வாங்க: இருமல் மருந்து, சவர பிளேட்.

மார்ச் 9, வியாழன்

மழை இல்லை. நாளை வெள்ளி, வீட்டில் மீனும் இல்லை இறைச்சியும் இல்லை. சோதனை இன்றே. பாதிப் போத்தல் என்னிடம். குமாரின் மனைவி வதனி ஆட்டிறைச்சி சமைத்தாள்.

1. வைன் தனியே. சீனி போடாத கடும் தேநீர் போல. நாக்கு வறண்டது.

2. கறியோடு. சிவம் சொன்னது உண்மை. நெருப்பு. கண்ணீர்.

3. குமாரின் சின்ன மகளுக்கென்று தூள் போட முன் எடுத்து வைத்த இறைச்சி. உப்பும் கொஞ்சம் மிளகும் மட்டும். ஒரு துண்டு, ஒரு வாய் வைன்.

அட! துவர்ப்பைக் காணவில்லை. இறைச்சி இனிக்கிறது. இன்னொரு துண்டு.

"மாமா, அது பிள்ளையின்ர சாப்பாடு!" வதனி.

"சோதினை, பிள்ளை."

"நல்ல சோதினை. கோப்பையை இஞ்சால தாங்கோ."

போத்தல் சரி. நான் வாசித்ததும் சரி. மிளகாய்த்தூள்தான்! லேபிள் எழுதிய பிரான்ஸ்காரனுக்கு எங்கள் கறி எங்கே தெரியும்?

மார்ச் 10, வெள்ளி

மரக்கறி. முழங்கால் வலி. பழைய பிஸ்கற் பெட்டியில் ஒரு மட்டை வெட்டினேன். எழுத ஒரு மணித்தியாலம். 'றை' இரண்டு தரம் பிழையாக வந்தது. எழுதியது:

போர்தோ. ஊரின் பெயர். ஆட்டிறைச்சிக்கு நல்லது. தூள் போட்ட கறிக்கு வேண்டாம்.

கேட்காமல் தட்டில் ஒட்டினேன். குமார் பார்த்தான். கழற்றவில்லை.

மார்ச் 11, சனி

வெயில்! சிவம் வந்தார். தட்டின் முன் நின்று உரக்க வாசித்தார், நாலு வரியும். நான் எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்டது இதுவே முதல் தரம். பிஸ்கற் பெட்டியும் கையுமாக அப்படியே நின்றேன்.

"ஆர் எழுதினது? கோழி கிளறின மாதிரிக் கிடக்கு. ஆனா விசயம் சரி."

"மாமாதான்," என்றான் குமார். பிறகு என்னிடம், "மற்றப் போத்தலுகளுக்கும் எழுத ஏலுமோ?"

"ஓம்."

தட்டு திரும்ப என்னிடம். அடுத்தது வலக்கரை. பின் லேபிளை வாசித்தேன்: மாட்டிறைச்சிக்கு நல்லது. நான் மாடு தொட்டதில்லை. வதனி வீட்டுக்குள் விடவும் மாட்டாள். எதை வைத்துச் சோதிப்பது?