மண் தின்னாத சேலை

நேற்று மத்தியானம் மழை ஓய்ந்ததும் பள்ளக்காட்டிலிருந்து மண்வாசம் வந்தது. கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் காட்டுக்கு வாசம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். எத்தனை மழை பெய்தாலும் நனைந்த உப்புச் சாக்கு மாதிரிதான் கிடக்கும். காற்றே அசையவில்லை. வாசம் மட்டும் கிழக்கு மூலை வேப்பமரத்தடியிலிருந்து, ஆள் நடந்து வருவதுபோல மெல்ல வந்தது. அந்த மூலையில்தான் உன்னைப் புதைத்திருக்கிறோம்.

அதனால்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். அஞ்சாவதோடு நிறுத்தப்பட்ட கை, கோணல்மாணலாகத்தான் ஓடும். அக்காளை மாடு மேய்க்க விட்டுவிட்டுத் தங்கச்சியை விவசாயக் காலேஜுக்கு அனுப்பினார்கள். அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் இருக்கிறது. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதற்காக அதை விட்டுவிட முடியுமா? மண்ணைப் பற்றிப் படிக்கப் போகிறாய் என்று கேட்டு நான் சிரித்த சிரிப்பும் ஞாபகம் இருக்கிறது.

"மண்ணுல படிக்கறதுக்கு என்னடி இருக்குது? மிதிச்சாத் தெரியாதா?"

நீ கோபப்படவில்லை. "மிதிக்கறவங்களுக்குத் தெரியாதக்கா. அது நம்மளைத் திங்கறப்பத்தான் தெரியும்" என்றாய். அன்றைக்கு அது விளையாட்டுப் பேச்சு.

அப்பனுக்குப் பிறகு பாகம் பிரித்தபோது அண்ணன் மேட்டுக்காட்டை எடுத்துக்கொண்டார். சாயப்பட்டறைத் தண்ணீர் வருசக்கணக்காக ஊறிய பள்ளக்காட்டை நமக்குத் தள்ளினார். நீயும் நானும் முதல் தடவை அதற்குள் நடந்த வெயில் நேரத்தை நினைத்துப் பார். வெள்ளையாக உப்புப் பூத்து, கால் வைத்த இடமெல்லாம் அப்பளம் போல நொறுங்கியது. எறும்பு இல்லை, வண்டு இல்லை, காக்கைகூட இறங்கவில்லை. நீ நின்றாய், நானும் நின்றேன். அதற்குப் பிறகும் நமக்குப் பின்னால் ஒரு காலடி கேட்டது.

"உனக்குக் கேட்டுதா?" என்றேன்.

"உப்பு உடையற சத்தமக்கா. நாம மிதிச்சது இப்பத்தான் விரியுது." விளக்கம் சொன்ன உன் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தது.

அண்ணன் அந்த வாரமே வந்துவிட்டார். "செத்த மண்ணுல எதுக்கம்மிணி கெடந்து அல்லாடறீங்க? எனக்கே எழுதிக் குடுத்துருங்க, பனியன் கம்பெனிக்கு ஷெட்டுப் போட்டுக்கறேன்."

"செத்துதா இல்லையான்னு மண்ணே சொல்லட்டுமுங்கண்ணா" என்றாய் நீ. உயிருள்ள மண்ணில் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கோடி கோடியாக இருக்கும், பருத்தித் துணியைப் புதைத்தால் ரெண்டு மாதத்தில் தின்றுவிடும், தின்னாவிட்டால் கையெழுத்துப் போடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தாய். அண்ணன் தன் கம்பெனிப் பனியன் ஒன்றை அவரே கொண்டுவந்து கொடுத்தார். "சுத்தக் காட்டன். மண்ணுக்குப் பனியன் மாட்டிவுடற மொத ஆளு நீதான் கண்ணு" என்று சிரித்தார்.

ரெண்டு மாதம் கழித்துத் தோண்டினோம். நீ தோள்பட்டை இரண்டையும் பிடித்துத் தூக்கினாய். பனியன் முழுசாக வந்தது. ஓட்டை இல்லை, கிழிசல் இல்லை. உள்ளே படுத்திருந்தவன் நாம் வரும் சத்தம் கேட்டு எழுந்து போனதுபோல, நெஞ்சு இருந்த இடம் கொஞ்சம் உப்பியிருந்தது. நீ மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாய். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றாய்.

சாயங்காலம் என் அடுப்படியில் அந்தப் பனியனை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தவள், திடீரென்று ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினாய். பருத்தி நூல் என்றால் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு கறுப்பு மணியாகத் திரண்டது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். முழுக்கப் பாலியெஸ்டர். பனியன் தைக்கிற இந்த ஊரில் பிறந்து வெட்டுத்துணிக் குவியலில் விளையாடி வளர்ந்தவர்கள் நாம். பனியனைப் போய்ப் பருத்தியா என்று சந்தேகப்பட நமக்குத் தோன்றவே இல்லை. வெளியூர்க்காரர்கள் என்றால் முதலிலேயே கொளுத்திப் பார்த்திருப்பார்கள்.

"நூல் மாறி வந்திருக்கும், எனக்கென்னம்மிணி தெரியும்?" என்றார் அண்ணன். நீ நம்பினாய். நான் இன்றுவரை நம்பவில்லை.

அடுத்ததாக என் வீட்டுக்காரருடைய பழைய பனியனைத் தயங்கித் தயங்கிக் கேட்டாய். அவர் போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருசம்கூட ஆகவில்லை. கொளுத்திப் பார்த்துப் பருத்தி என்று தெரிந்த பிறகே கொடுத்தேன். ரெண்டு மாதம் புதைத்து எடுத்தபோது அது மஞ்சளித்து, முதுகுப் பக்கம் நைந்து வந்தது. நீ அதை வெயிலில் பிடித்துப் பார்த்துச் சிரித்தாய். "சாகலைக்கா. பசி செத்துக் கெடக்குது, அவ்வளவுதான். பசியை உண்டாக்கோணும்."

அதன் பிறகு உன் லீவு நாளெல்லாம் அங்கேதான் போனது. உப்பை முறிக்க ஜிப்சம் போட்டாய். மழைத்தண்ணீர் உப்பைக் கழுவிக்கொண்டு போக வாய்க்கால் வெட்டினாய். தழை உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூ எடுக்கும் முன்னே மடக்கி உழவைத்தாய். சாணம் கொட்டினாய். புற்றுநோய் வந்து, கீமோ ஊசி போட்டுக்கொண்டு வந்த உடம்போடு வேப்பமரத்துப் பக்கம் கடைசிப் பனியனைப் புதைத்துவிட்டு, "இதை நாந்தான் எடுப்பேன், நீ தொடாதே" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

உன்னைத் தூக்குகிற அன்று பிறந்த வீட்டுக் கோடியாக அண்ணன் கொண்டுவந்த சேலை பளபளவென்று இருந்தது. போகிறவளுக்குக் கடைசியாக உடுத்துவது பொறந்தவன் போடும் துணிதானே, மறு பேச்சில்லாமல் உடுத்திவிட்டார்கள். கற்பூரத்திலிருந்து ஒரு பொறி முந்தானையில் விழுந்தது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். துணி எரியவில்லை. சுருண்டு, கறுப்பு மணியாகத் திரண்டது. அதே நாற்றம். நான் சேலையில் கை வைத்ததும் நாலு பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பொறந்த ஊட்டுக் கோடியை உருவக் கூடாதுங்கக்கா." அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை நீ தொடாதே என்றதைத் தொட்டேன். நேற்று வந்த வாசம் என்னை வீட்டில் இருக்க விடவில்லை. மண் கறுத்திருந்தது, மண்வெட்டி தானாக இறங்கியது. புழு நெளிந்தது. கையால் விலக்கிக்கொண்டே போனேன். பனியன் இல்லை. தைத்த நூல் மட்டும் இருந்தது. பனியன் சுத்தப் பருத்தியே ஆனாலும் தையல் நூல் பாலியெஸ்டர்தானே. கழுத்துக்கு ஒரு வளையம், கைகளுக்கு ரெண்டு வளையம், பக்கவாட்டில் ரெண்டு கோடு. துணி இல்லாமல் ஆள் உருவம் மட்டும் மண்ணில் வரைந்து கிடந்தது. கை வளையங்களுக்குள் வேப்பம் வேர்கள் நுழைந்து, விரல் விரலாகப் பிரிந்திருந்தன. அந்த வேர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பார்த்தேன். பிறகு பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கணம் பழைய உப்புச் சத்தம் என்றே நினைத்தேன். அண்ணன்தான். நீ போனதிலிருந்து உன் பாகத்துக்கு உன் வீட்டுக்காரரைச் சரிக்கட்டிவிட்டு, என் கையெழுத்துக்காக நடந்துகொண்டே இருக்கிறார்.

"செத்தவ சொன்னதை நம்பீட்டு இன்னும் இங்கயே உக்காந்திருக்கறயே அம்மிணி."

கழுத்து நூல் வளையத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "மண்ணுக்குப் பசி வந்துருச்சுங்கண்ணா. குடுத்ததையெல்லாம் தின்னு போட்டுது. நீங்க போட்ட சேலையை மட்டும் அதுனால திங்க முடியாதுங்க."

அவர் வளையத்தைப் பார்த்தார். பிறகு உன் மூலையைப் பார்த்தார். வேர்வை துடைத்தார். வளையத்தைக் கீழே போட்டுவிட்டு, ஈர மண்ணில் செருப்புப் புதையப் புதைய, ஓடாத குறையாகப் போனார். இந்தக் காட்டுக்குள் இனி அவர் வரமாட்டார்.

அந்தக் கழுத்து வளையத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். பேத்தியிடம் சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு இடம் உன் பக்கத்தில். உடுத்துவது கைத்தறிப் பருத்தி. யார் கோடி கொண்டுவந்தாலும் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்த பிறகுதான்.

நீ இந்நேரம் மண்ணாகியிருப்பாய். அந்தச் சேலை மட்டும் சாயம்கூடப் போகாமல், உள்ளே ஆளில்லாமல், மடிப்புக் கலையாமல் படுத்திருக்கும். கண்ணு, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். நான் வரும்போது அதை உன் மேலிருந்து உருவிப் போடுகிறேன். அன்றைக்கு என் கையைப் பிடிக்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.