செம்பாக்கம் வந்தாச்சு, கண்ணு

அண்ணா,

இன்று காலை ஆபீஸ் கேப்பில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஆரஞ்சுத் தோல் வாசனை. புது டிரைவர், உங்களைப் போலவே டாஷ்போர்டில் போட்டு வைத்திருந்தார். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

நமக்குள் ஒரு வயதுதான் வித்தியாசம். ஆனாலும் நான் உங்களை அண்ணா என்பேன், நீங்கள் என்னை சார் என்பீர்கள். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சிறுசேரிக்கு இரண்டு வருடம் ஒன்றாகப் போய் வந்தோம். மனைவிக்கு ஆறாவது மாதம் என்று என் டீமில்கூட நான் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் உளறிவிட்டேன். முதல் குழந்தை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனதையும் சொன்னேன். அதனால் இந்த முறை வளைகாப்பு வேண்டாம், பொம்மை வாங்க வேண்டாம், கண் பட்டுவிடும் என்று வீட்டில் சட்டம். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், அவள் வயிற்றைத் தொடாமலேயே இருந்தேன். ஆசை வைத்தால் இதுவும் போய்விடும் என்று அப்படியொரு பயம்.

"வவுத்துல இருக்கறதாண்ட பேசுனியா சார்?" என்றீர்கள்.

"பொறக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

"இன்னா சார் நீ! அது உள்ள கேட்டுகினு கீது. அப்பா கொரல் தெரிய வேணாவா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்கண்ணா" என்று எரிந்து விழுந்தேன். உங்களுக்குக் கோபமே வரவில்லை. மறுநாள் மாலை சோழிங்கநல்லூர் சிக்னலில் மறுபடி ஆரம்பித்தீர்கள்.

"வூட்டுக்குப் போன் போடு சார். மேடத்தை வவுத்தாண்ட வெச்சுக்கச் சொல்லு."

"என்னத்தைப் பேச?"

"ஒண்ணும் தெரியலன்னா, எங்க வந்துகினு கீறோம்னு சொல்லு!"

இதென்ன பேஜார் என்று கூச்சத்தோடு போன் போட்டேன். மேடவாக்கம் தாண்டிட்டோம், சந்தோஷபுரத்துல டிராஃபிக்... பஸ் கண்டக்டர் மாதிரி தினமும் இதே பேச்சு. ஒரு நாள், "செம்பாக்கம் வந்தாச்சு, கண்ணு" என்றதும் மறுமுனையில் அவள் கத்தினாள்: "ஐயோ, உதைக்குதுப்பா! உன் குரலுக்கு உதைக்குது!" நீங்கள் சும்மாவே ஹாரன் அடித்தீர்கள். நான் கர்ச்சீப்பை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்குப் போய் அன்றுதான் அவள் வயிற்றில் முதன்முதலாகக் கை வைத்தேன்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அவளுக்கு ஒரு வயது நிறைவதற்குள் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது. துக்கத்துக்குப் பெருங்களத்தூரில் உங்கள் வீட்டுக்கு வந்து, ராஜகீழ்ப்பாக்கம் என்று சொன்னதும் உங்கள் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதானா அந்த சாரு? உங்க கொயந்தை உதைச்ச அன்னிக்கு வூட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதாரு. எங்களுக்கும் ஒண்ணு இருந்துச்சு சார். எட்டு மாசத்துல வவுத்துலயே போயிடுச்சு. ஒரு வார்த்தைகூடப் பேசாம அனுப்பிட்டனேன்னு சொல்லிகினே இருப்பாரு."

இரண்டு வருடம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து என் கதையையே அளந்தேன். உங்களுக்குக் குழந்தை உண்டா என்று ஒரு நாள் கேட்டேனா? பாவி! இப்போது எந்த வண்டியில் ஏறினாலும், வீட்டில் யார் யார் என்று முதலில் விசாரித்துவிடுகிறேன்.

அன்று உங்கள் வீட்டிலிருந்து திரும்பியதும் மனைவியிடம் எல்லாம் சொன்னேன். அதுவரை நாங்கள் பேச்சே எடுக்காத முதல் குழந்தையைப் பற்றி, மகளை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் பேசினோம், அழுதோம்.

உங்கள் பிள்ளையிடம் இதற்குள் நிறையப் பேசியிருப்பீர்கள். என் மூத்ததும் அங்கேதான் எங்காவது இருக்கும். அதற்கு என் குரல் தெரியாது. அதனிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள் அண்ணா.