நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்

இஸ்லிங்டன், லண்டன்
மார்ச் 1846

என் வீட்டுக்காரருக்கு,

எனக்கு எழுத்து சரியாக வராது, பொறுத்துப் படியுங்கள். துவைத்த சட்டைகளை உங்கள் வாசலில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் கட்டிய இந்த இரட்டை வீட்டில் காலியாகக் கிடந்த பாதிக்குச் சனிக்கிழமை ஆட்கள் குடிவருகிறார்களாம். நம் மகள் ஹெட்டியைப் புதைத்த மறுநாள் நீங்கள் அங்கே தனியாகத் தங்கப் போனீர்கள். ஆறு வாரம் ஆகிறது. இனி எங்கே போவீர்கள் என்று நான் கேட்கவில்லை.

எதிர்வீட்டு மிஸஸ் டிம்ஸ் நேற்று, "ஏண்டி, உன் புருஷனைக் கண்ணுலயே காணோம், கப்பல் ஏறிட்டாரா?" என்றாள். "வீட்டுலதான் இருக்காருக்கா" என்றேன். பொய்யில்லை. தெருவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வீடாகத் தெரியத்தானே வாசல்களை இரண்டு ஓரத்துக்கும் தள்ளி வைத்தீர்கள்?

செங்கல் மேல் சாந்து பூசி, கல் அடுக்கியதுபோல் கோடு கிழித்து, கல் வீடு என்று ஊரையே நம்ப வைத்தவர் நீங்கள். குழிக்கரையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றபோது நானும் நம்பிவிட்டேன். "நீங்க மனுஷனா, கல்லா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

நடுச்சுவர் மெல்லியது. தினமும் விடிந்ததும் நீங்கள் அழுவது எனக்குக் கேட்கிறது.

நான் சொன்னது தப்பு. இந்தப் பக்கம் வந்து அழுங்கள். கதவைத் தாழ் போடவில்லை.

பக்கத்து வாசலில் இருக்கும்
உங்கள் மனைவி