கடைசி அளவு பிஸ்டன்

என் செல்லமே புஷ்பா,

கார் இன்னும் ரோட்டில்தான் நிற்கிறது. போர்ச்சில் உன் மோட்டர் சைக்கிள். "மனுசன் நனைஞ்சிக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள வரணுமா?" என்று உன்னிடம் கத்தியவன் நான். இப்போது மழையில் குடை பிடித்துக்கொண்டு இறங்கி வருகிறேன், வாயே திறப்பதில்லை. லாயாங் லாயாங் ஊரில் என் கடை ஓடுகிறது, தோசைக்கு ஆள் குறையவில்லை. யாழினி வாரக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து தவறாமல் குளுவாங் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அப்பா தனியாக இருந்து என்ன ஆவாரோ என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான்.

அந்த மோட்டரைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சாஆ ஊரில் ஒரு செம்பனைத் தோட்டத்து வீட்டின் பின்கொட்டகையில் அதைக் கண்டுபிடித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? சீட்டின் மேல் கோழி முட்டையிட்டிருந்தது. எழுபதுகளில் ஜப்பானிலிருந்து வந்த டூ-ஸ்ட்ரோக் என்று நீ சொல்லித்தான் தெரியும், என் கண்ணுக்குத் துருவும் கோழி எச்சமும்தான் தெரிந்தன. நீ குந்தி உட்கார்ந்து, புடவைத் தலைப்பாலேயே இன்ஜின் நம்பரைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, எல்லாம் ஒரிஜினல்!" என்றாய். நம் கல்யாணத்தன்றுகூட உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

செனாய் தொழிற்சாலையில் பகலெல்லாம் மெஷின்களைப் பழுது பார்த்துவிட்டு வந்து, வீட்டிலும் ஒரு மெஷினோடு உட்காருவதற்கு எங்கிருந்து உனக்குத் தெம்பு வந்தது? கேட்டால், "அது சம்பளத்துக்கு, இது எனக்கு" என்பாய்.

உன் வேலை முறையை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. இன்ஜின் மூடியின் வடிவத்தை பிஸ்கட் பெட்டி அட்டையில் வரைந்து, எந்தத் துளையிலிருந்து எந்த போல்ட் வந்ததோ அதை அதே இடத்தில் குத்தி வைப்பாய். பக்கத்து வீட்டு சவரி அண்ணன், அதுதான் லாரி ஓட்டி ஓய்ந்த மனுஷன், ஒரு நாள் உதவி செய்கிறேன் பேர்வழி என்று தன் வீட்டு ஸ்டார் திருப்புளியோடு வந்தார். ஒரே திருகில் ஸ்க்ரூவின் தலை மொழுக்கென்று ஆகிவிட்டது. நீ திட்டவில்லை. "பாக்க ஸ்டார் மாதிரிதான் இருக்கும்ணே. ஆனா ஜப்பான்காரன் வெட்டு வேற, நம்ம திருப்புளி வழுக்கிடும்" என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தாய். அதற்கென்று உள்ள திருப்புளியை யாழினி சிங்கப்பூரில் தேடி வாங்கி வரும்வரை மோட்டரின் மேல் யாரையும் கை வைக்க விடவில்லை.

என் சாம்பார்ப் பானை விஷயத்தை மட்டும் நான் மன்னிக்கவில்லை. காலையில் மூடியைத் திறந்தால் உள்ளே எலுமிச்சைச் சாற்றில் கார்பரேட்டர் கொதிக்கிறது! "அலமாக், எலுமிச்சதானே லா, விஷமா?" என்று கேட்டவள் நீ. கறையெல்லாம் போய் அது வெள்ளி மாதிரி வெளியே வந்தபோது நானும்தான் வாயைப் பிளந்தேன். பானை அன்றோடு போர்ச்சுக்குக் குடிபோய்விட்டது.

சிலிண்டரைப் பட்டறையில் குடைந்து வாங்கி வந்த நாள் நீ சொன்னதுதான் என் நெஞ்சில் நின்றுவிட்டது. ஒவ்வொரு முறை தேயும்போதும் சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள் என்று விளக்கினாய். பிறகு அந்தப் பிஸ்டனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதுதாங்க கடைசி அளவு. இதுக்கு மேல குடைய இடமில்ல. எண்ணெ இல்லாம ஒருக்கா ஜாம் ஆச்சின்னா, கதை முடிஞ்சிச்சி" என்றாய்.

மோட்டரைத் திரும்ப நீயே பூட்டிச் சேர்த்தாய், நீயே ஓட்டினாய். நான் எப்போதும் பின் சீட்டு. ஆயர் ஈத்தாமில் மண் பூச்சாடி வாங்கி, குளுவாங் வரை அதை நான் மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து டிராஃபிக் லைட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். பொம்பளை ஓட்ட ஆம்பளை பின்னால் உட்கார்ந்திருக்கிறான் என்று சிரித்தார்களோ, சாடிக்குச் சிரித்தார்களோ. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நோய் வந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் பெட்ரோலை மட்டும் வடித்து வைத்தாய். "வந்து பாத்துக்கிறேன்" என்றாய். வரவில்லை.

அதன் பிறகு நான் மோட்டரின் மேல் துணி போட்டு மூடினேன். யாரும் அதைத் தொடக் கூடாது என்பதுதான் என் எண்ணம். நீ உன் கையால் செய்த இன்ஜின், கடைசி அளவு பிஸ்டன். ஏதாவது ஆகிவிட்டால் நான் யாரிடம் போய் நிற்பேன்? யாழினிக்கு இது பிடிக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை துணியை உருவிப் போட்டுவிட்டாள்.

"அம்மா இத ஷோகேஸ்ல வைக்கவாப்பா செஞ்சாங்க? ஓடாம நின்னா உள்ள துரு புடிக்கும். நீங்க பத்திரமா வச்சிக்கிறதா நெனைச்சிக்கிட்டு சாகடிக்கிறீங்க."

அவள் பேச்சில் உன் குரல்.

சவரி அண்ணன் பெட்ரோலோடு வந்துவிட்டார், அவருக்குச் சொல்லியா தர வேண்டும். சீட்டுக்குக் கீழே இருந்த எண்ணெய் டாங்கியைத் திறந்து பார்த்தார். விளிம்பு வரை எண்ணெய். "தங்கச்சி ஊத்துன எண்ணெ ஃபுல்லா இருக்கு லா! பம்ப்பு அதுவே இழுத்துக்கும். பெட்ரோல் ஊத்து, உதை, போலாம்" என்றார். யாழினியும் தலையாட்டினாள். அந்தக் காலத்து டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் தனி டாங்கியிலிருந்து பம்ப் வழியாக இன்ஜினுக்குப் போகும் என்று அவள் வீடியோவில் பார்த்திருக்கிறாள். நான் வழக்கம்போல் புனலைப் பிடித்துக்கொண்டேன். நீ பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் அதுதானே என் வேலை?

பெட்ரோல் புனலில் இறங்கியது. யாழினி உதைக்கக் காலைத் தூக்கினாள்.

"நில்லு!" என்று கத்தினேன். எனக்கே ஏன் என்று அந்த நொடியில் தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது, நிறம் சரியில்லை. நீ ஊற்றும் பெட்ரோலில் எப்போதும் ஒரு பச்சை ஓடும். வாசனையும் வேறு, லேசாகக் காந்தல் அடிக்கும். சமையல்காரன் மூக்கு புஷ்பா, அது மறக்காது. இது வெறும் பெட்ரோல்.

"அம்மா எண்ணெய கலந்துதான் ஊத்துவாங்க" என்றேன்.

"எண்ணெ டாங்கிதான் ரொம்பிக் கெடக்கே, எதுக்குக் கலக்கணும்?" என்றார் சவரி அண்ணன். எனக்கு இன்ஜினெல்லாம் தெரியாது. ஆனால் உதைக்க விடவில்லை. பம்ப்பைப் பார்க்க யாழினி ஜப்பான் திருப்புளியை எடுத்து இன்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். பார்த்துவிட்டு, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னாள்.

பம்ப்புக்குப் போகும் குழாயை நீ அடைத்திருந்தாய். சும்மா துணி திணித்து அல்ல. பித்தளையில் அளவாகக் கடைந்த ஒரு சின்ன மூடி, அதன் மேல் வளையம், ஒரு சொட்டு கசிவில்லை. அந்தப் பழைய பம்ப்பை நம்பி உன் பிஸ்டனை விட உனக்கு மனம் வரவில்லை. கண்ணால் பார்த்து, கையால் கலந்து ஊற்றினால்தான் உனக்கு நிம்மதி. அப்படியானால் டாங்கியில் எண்ணெய் எதற்கு? யாழினிதான் சொன்னாள். அது இரும்பு டாங்கி, காலியாக விட்டால் உள்ளே துரு பிடிக்கும். உபயோகமில்லாத டாங்கியைக்கூட நீ சாக விடவில்லை.

ஒரு உதை விழுந்திருந்தால், தெரு முனை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சவரி அண்ணன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "என் தங்கச்சி பொல்லாதவ லா" என்றார், கண் கலங்கிப் போய்.

ஏன் புஷ்பா எங்களிடம் சொல்லவில்லை? திரும்பி வந்துவிடலாம் என்றே நம்பினாயா?

இருந்த பெட்ரோலை வடித்து, கலந்து, மறுபடி ஊற்றினோம். இந்த முறை பச்சை ஓடியது. யாழினி உதைத்தாள், இருமியது. மறுபடி உதைத்தாள், போர்ச் முழுக்கப் புகை. அந்தச் சத்தம் வந்துவிட்டது! எதிர்வீட்டு சீன ஆன்ட்டி மூக்கைப் பொத்திக்கொண்டே கேட் வரை வந்து கைதட்டினார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். யாழினி ஓட்டினாள். ரொம்ப தூரம் இல்லை, கோயில் வரை போய்த் திரும்பினோம்.

வந்து நிறுத்தியதும் அவள் குளிக்கப் போய்விட்டாள். நான் இன்ஜின் பக்கம் உட்கார்ந்தேன். நீ போனதிலிருந்து உன் சாமான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரிகிறேன். உன் சீப்பு, மூக்குக் கண்ணாடி, தொழிற்சாலைச் சட்டை. எல்லாம் சில்லென்று கிடக்கின்றன. சிலிண்டர் மேல் கை வைத்தேன். சுட்டது. கையை எடுக்க மனமில்லாமல் அழுதேன்.

கேள் புஷ்பா, ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தத் துணியை இனிப் போட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நானே எண்ணெய் கலப்பேன், யாழினி ஓட்டுவாள். நீ போட்ட பிஸ்டன் ஓட ஓடத் தேயும், அதற்கு அடுத்த அளவு இல்லை என்பதும் தெரியும். தேயட்டும். என்றைக்கு அது நிற்கிறதோ, அன்றைக்குச் சூடாக நிற்கட்டும்.

என்றும் உன் பின்னால் உட்கார்ந்திருக்கும்
உன் புருஷன்,
செல்வம்