ஆளில்லாத வீட்டின் கோலம்

12.7.1995, புதன்

தெருவில் இரண்டு திருட்டு நடந்ததிலிருந்து, ஊருக்குப் போயிருக்கும் எதிர்வீட்டார் வாசலிலும் நானே கோலம் போடுகிறேன். வீட்டில் ஆளில்லை என்று தெரியக் கூடாதே!

இன்று காலை அந்த வாசலில் போட்ட கோலத்தின் நடுவில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. “வீட்ல ஆளு இருக்காங்களாக்கா?” என்றான் புதியவன். கண் ஜன்னலிலேயே இருந்தது.

எனக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ! காலி வீட்டைப் பார்த்துக் கத்தினேன்: “அண்ணாச்சி, நாயப் பிடிச்சிக்கிடுங்க! ஆளு வந்திருக்கு!”

அவன் சைக்கிளில் ஏறக்கூட இல்லை, தள்ளிக்கொண்டே ஓடினான்.

பெருமையோடு திரும்பினால், என் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. நல்லவேளை, மேஜையில் கழற்றி வைத்த வளையல்கள் அப்படியே இருந்தன.

மாலையில் இவரிடம் சொன்னேன். “அந்த இல்லாத நாய நம்ம வாசல்லயும் கெட்டிப் போடு” என்றார்.

சிரிப்பு அடங்கவில்லை. மூன்றாம் முறையாகத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தேன்.